‘நான் ஆசிரியர்’ என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று, பல வருடம் தனியார் பள்ளியில் வேலை பார்த்து, நியமனத் தேர்வும் எழுதி, இப்போது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. வேலை கிடைத்துவிட்டது, ஆசிரியர் என்ற உணர்வு வரவில்லை. மேலிருந்து வருவதை முடித்துக் கொடுக்கும் ஆள் மாதிரியே இருக்கிறது. எங்கள் எச்.எம். டீச்சர் இருபது வருடத்துக்கு மேல் பணியில் இருப்பவர். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவரும் டெட் எழுத வேண்டும். “அப்போ இத்தனை வருஷம் நான் யாரு?” என்று கேட்கிறார். ஓர் ஆசிரியரின் தொழில் அடையாளம் எப்படித்தான் உருவாகிறது, எப்படி வளர்கிறது?

பதில்:

உங்கள் கேள்விக்குள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். வேலைக்கு வந்தும் ஆசிரியராக உணராத நீங்கள். காலமெல்லாம் ஆசிரியராக இருந்துவிட்டு இப்போது சந்தேகம் வந்துவிட்ட உங்கள் எச்.எம். டீச்சர். இருவருக்கும் பதில் ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதனால் சேர்த்தே எழுதுகிறேன். நான் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக வேலை பார்த்தவன். அதற்கு முன் பள்ளியிலும் இருந்தேன். பார்த்ததும் படித்ததும் கலந்துதான் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை ஏன் தடுமாறுகிறது, அதற்கு நாளைக்கு என்ன செய்யலாம் என்று நீங்களே யோசித்து முடிவெடுக்கிறீர்கள். அதை இன்னோர் ஆசிரியரிடம் காரணத்தோடு சொல்கிறீர்கள். மறுநாள் வகுப்பில் அது பலித்ததா என்று பார்க்கிறீர்கள். இந்த வேலை நடக்கும் இடத்தில்தான் ஆசிரியர் உருவாகிறார். இது நடக்காத இடத்தில் சர்வீஸ் கூடும், இன்கிரிமென்ட் கூடும், ஆசிரியர் என்ற உணர்வு மட்டும் கூடாது. சான்றிதழும் ஊர் மரியாதையும் சேவை மனப்பான்மையும் இதற்குத் துணை நிற்கும். இதற்குப் பதிலாக நிற்க அவற்றால் முடியாது.

உங்களுக்கு ஏன் அந்த உணர்வு வரவில்லை என்பதற்கு நீங்கள் வந்த பாதையிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி தமிழ்நாட்டில் முதல் டெட் தேர்வு 2012-ல் நடந்தது. தேர்ச்சி பெற்றவர்களுக்கெல்லாம் வேலை இல்லை. 2018-ல் அரசாணை 149 வந்து, டெட் தேர்ச்சிக்குப் பிறகு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றானது. இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. இடையில் ஓடிய வருடங்களில் உங்களைப் போன்றவர்கள் வீட்டிலும் வெளியிலும் ‘தேர்வர்’ என்ற பெயரோடுதான் வாழ்ந்தீர்கள். கோச்சிங் சென்டர், மாதிரி வினாத்தாள், கட்-ஆஃப், வழக்கு, தீர்ப்பு. சரியான விடை என்று ஒன்று இருக்கிறது, அதை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள், நம் வேலை அதைக் கண்டுபிடித்து வட்டத்தை நிரப்புவது என்ற பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. வகுப்பறையில் விடைக்குறிப்பு வைத்திருப்பவர் யாரும் கிடையாது. அங்கே முதல் சில மாதம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கத்தான் வேண்டியிருக்கும். இதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு காரணம் இதற்கும் முந்தியது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒருவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். வேறெந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு முன்பயிற்சி கிடையாது. நாம் யாரும் டாக்டரை அத்தனை மணி நேரம் பார்த்ததில்லை. ஆனால் பெஞ்சிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் தெரியும், கோபம் தெரியும், கரும்பலகைக் கையெழுத்து தெரியும். அவர் ஏன் அந்தக் கணக்கை முதலில் போட்டார், ஏன் இன்னொரு பையனைக் கேட்காமல் இவனைக் கேட்டார் என்பது தெரியாது. வெளித்தோற்றம் முழுவதும் மனதில் பதிந்துவிடுகிறது, உள்ளே நடந்த யோசனை பதிவதே இல்லை. பிறகு நாம் வகுப்புக்குப் போய் நின்று வாயைத் திறந்தால், நமக்குப் பிடித்த ஒரு டீச்சரின் குரலோ நாம் பயந்த ஒரு சாரின் குரலோதான் வருகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கள் குரல் தங்களுக்கே அந்நியமாக இருக்கிறது என்று என்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சிக் காலம் இதைச் சரிசெய்ய வேண்டும். ஓரளவுதான் செய்கிறது. பட்டயப் படிப்பு இரண்டு வருடம், பி.எட்.டும் 2015 முதல் இரண்டு வருடம் ஆகிவிட்டது. வருடம் கூடியது நல்லதுதான். ஆனால் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் மாணவ ஆசிரியர் பெரும்பாலும் மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளருக்காகவே பாடம் நடத்துகிறார். சார்ட் வண்ணமயமாக இருக்கும், பாடத்திட்ட நோட்டில் ஊக்குவித்தல் முதல் வலுவூட்டல் வரை எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், பின் வரிசையில் இருக்கிற பிள்ளை என்ன புரிந்துகொண்டது என்பதற்கு அந்த நோட்டில் ஒரு கட்டம்கூட இருக்காது. அந்த நோட்டுகளில் பல வருடம் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

வேலைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஃபிரான்சிஸ் ஃபுல்லர் 1969-ல் தொடங்கி எழுதினார். தொடக்கத்தில் கவலை முழுவதும் தன்னைப் பற்றி: பிள்ளைகள் நான் சொல்வதைக் கேட்பார்களா, எச்.எம். என்ன நினைப்பார், ஆய்வுக்கு வந்துவிட்டால்? அப்புறம் கவலை வேலைக்கு மாறும்: பாடத்தை எப்படி முடிப்பது, ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படிப் பார்ப்பது. கடைசியில்தான் பிள்ளையைப் பற்றி: இவளுக்குப் புரிந்ததா? இது ஒருமுறை ஏறிவிட்டால் முடிந்துபோகிற படிக்கட்டும் அல்ல. மாறுதலில் புதுப் பள்ளிக்குப் போன ஆசிரியர், பதினைந்து வருட அனுபவம் இருந்தாலும், ஜூன் மாதம் முழுவதும் தன்னைப் பற்றித்தான் கவலைப்படுவார். உங்கள் கடிதத்தில் உள்ள கவலை இரண்டாவது கட்டத்துக்குரியது. மூன்றாவதுக்குப் போக என்ன வேண்டும் என்பதற்கு நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு குறுவள மையக் கூட்டம், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டம். மதியத்துக்கு மேல். வழக்கம்போல் பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் பவர்பாயிண்ட்டை முடித்துவிட்டு, கையெழுத்துத் தாள் சுற்றிவந்துகொண்டிருந்த நேரம். ஓர் ஆசிரியை கைப்பையிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கணக்கு நோட்டை எடுத்து நடுவில் வைத்தார். அதில் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தது. அடுத்த கணக்கில் 64-லிருந்து 38 போனால் 34. “தினமும் இப்படியே போடுறா, கடன் வாங்குறதை எத்தனை தரம் சொல்லிக்கொடுத்தாலும்” என்றார். ஒருவர் கவனக்குறைவு என்றார். இன்னொருவர் இடமதிப்பு தெரியவில்லை, மறுபடி மணிச்சட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்றார். அதுவரை பேசாமல் இருந்த ஒரு மூத்த ஆசிரியை நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கவனக்குறைவா இருந்தா ஒரு கணக்கிலாவது சரியா வந்திருக்கும். இவ ஒரு விதியை விடாமப் பின்பற்றுறா. மேலே இருக்கா கீழே இருக்கான்னு பாக்கலை, ரெண்டுல பெருசு எதுவோ அதுலேர்ந்து சின்னதைக் கழிக்கிறா. ஏன்னா ஒண்ணாங் கிளாஸ்ல நாமதான் சொல்லிக்கொடுத்தோம், பெருசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்க முடியும்னு.”

அறை அமைதியாகிவிட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒன்றாம் வகுப்பில் அந்த வாக்கியத்தைச் சொல்லலாமா கூடாதா, சொல்லாவிட்டால் எப்படிச் சொல்வது, அந்தப் பிள்ளையிடம் நாளைக்கு 52 குச்சியைக் கட்டாகவும் தனியாகவும் கொடுத்து 27-ஐ எடுக்கச் சொன்னால் அவளே தன் விடையைப் பார்த்து என்ன சொல்வாள் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த நோட்டைக் கொண்டுவந்த ஆசிரியை கூட்டத்துக்குள் வந்தபோது மாத முடிவுக்குள் கழித்தலை முடிக்க வேண்டியவராக இருந்தார். போகும்போது அவரிடம் தன் மாணவியின் மனதைப் பற்றி ஓர் ஊகமும், அதைச் சோதிக்க ஒரு வழியும் இருந்தன.

ஒரு கணிதப் பேராசிரியருக்கு 52-லிருந்து 27 போனால் 25 என்று தெரியும். அந்தப் பிள்ளை 35 எழுதியதன் காரணம் அவருக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. பெற்றோருக்கும் தெரியாது, தேர்வு வாரியத்துக்கும் தெரியாது. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல் இதைத்தான் தனி அறிவு வகையாகப் பிரித்துக் காட்டினார்: பாடம் தெரிவது வேறு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது வேறு, இந்தப் பாடத்தின் இந்த இடத்தில் பிள்ளைகள் எப்படி இடறுவார்கள், எதைக் காட்டினால் தெளிவார்கள் என்று தெரிவது வேறு. மூன்றாவது அறிவு ஆசிரியரிடம் மட்டுமே இருக்கிறது. மருத்துவருக்கு நோயைக் கண்டறியும் திறன் எப்படியோ அப்படி. என்னைக் கேட்டால், ‘நான் ஆசிரியர்’ என்று ஒருவர் தலைநிமிர்ந்து சொல்வதற்கான ஆதாரம் இந்த அறிவுதான். அதைத் தனியாக உட்கார்ந்து சேர்ப்பது மிகவும் கடினம். அந்த மூத்த ஆசிரியைக்கே அது இருபது வருடமாக உள்ளே இருந்தது. யாரும் நோட்டைக் காட்டிக் கேட்காததால் வெளியே வராமல் இருந்தது.

நம் மாநிலத்தில் ஆசிரியர்களின் தொழில் அடையாளத்தை ஒட்டுமொத்தமாக ஆட்டிப் பார்த்த ஒரு நிகழ்வு உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செயல்வழிக் கற்றல். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவின் ரிஷிவேலியில் பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பிக்க உருவாக்கிய முறையைச் சென்னை ஆசிரியர்கள் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து நம் பாடநூலைத் துண்டு துண்டாகப் பிரித்து, அட்டைகளாகவும், எதற்குப் பின் எது என்று காட்டும் கற்றல் ஏணியாகவும் அவர்களே அமைத்தார்கள். 2007-08-ல் அது மாநிலம் முழுவதும் போனது. ஏறத்தாழ 37,000 பள்ளிகள்.

நடுத்தர வயதில் இருக்கும் ஓர் ஆசிரியரின் நிலையிலிருந்து அதைப் பாருங்கள். நாற்காலி போனது, தரையில் பாயில் உட்கார வேண்டும். முன்சுவரில் இருந்த கரும்பலகையின் முக்கியத்துவம் போனது. சுவர் முழுக்கப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கும். ஒன்று முதல் நான்கு வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்து குழுக்களாக உட்காருவார்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி, ஒன்றுக்குப் பாதி உதவி, ஒன்றுக்குச் சக மாணவர் உதவி, ஒன்று தானே படிக்கும். பிள்ளை ஏணியைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துவரும். எல்லோருக்கும் சேர்த்து நின்று பாடம் நடத்துகிற வேலை, வாத்தியார் என்றவுடன் ஊருக்கு நினைவுக்கு வருகிற அந்த வேலை, இல்லாமல் போய்விட்டது. “என்ன டீச்சர், பாடமே நடத்துறதில்லையாம்?” என்று பெற்றோர் கேட்டார்கள். “நான் பேசாம உக்காந்திருந்தா எனக்கு எதுக்குச் சம்பளம்?” என்று ஆசிரியர்களே கேட்டார்கள். அந்தக் கேள்வியில் ஒரு தொழில் அடையாளம் வலியோடு நகர்வதைப் பார்க்கலாம்.

அது எல்லோருக்கும் ஒரே திசையில் நகரவில்லை. சிலருக்கு அந்த முறை கண்ணைத் திறந்துவிட்டது. நாற்பது பிள்ளைகளை ஒரே கூட்டமாகப் பார்த்தவர்கள், பாயில் பக்கத்தில் உட்கார்ந்தபோது முதல்முறையாகப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதை அருகிலிருந்து கேட்டார்கள். ஒருத்தி ஏணியில் ஒரே மைல்கல்லில் பத்து நாளாக நிற்கிறாள் என்றால் ஏன் என்று யோசித்து, பழைய காலண்டர் அட்டையை வெட்டித் தாங்களே ஓர் அட்டை எழுதிச் செருகினார்கள். வேறு சிலருக்கு அதே முறை கைவிலங்கானது. அட்டை வரிசையாகப் போகிறதா, அடைவு அட்டவணையில் குறி போட்டாயிற்றா, கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதியிருக்கிறதா என்று பார்வையிட வருபவர் பார்ப்பதற்காக எல்லாம் நடந்தன. இரண்டு தரப்பிலும் நல்லவர்கள் இருந்தார்கள், உழைப்பாளிகளும் இருந்தார்கள். வேறுபாட்டை நான் வேறோர் இடத்தில் பார்க்கிறேன். சென்னையில் தொடங்கியவர்கள் அட்டையைத் தாங்களே செய்தவர்கள். எந்த அட்டைக்குப் பின் எது, ஏன் என்று சண்டை போட்டுத் தீர்மானித்தவர்கள். மற்ற மாவட்டங்களுக்கு அட்டை அச்சாகிப் பெட்டியில் வந்தது. யோசனை ஓரிடத்தில் நடந்து, அதன் விளைவு மட்டும் இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து அதற்குள் தன் யோசனையையும் சேர்த்துக்கொண்ட ஆசிரியர் வளர்ந்தார். சேர்க்க அனுமதி இல்லை என்று நினைத்தவர் காவல் காத்தார்.

இப்போது நீங்கள் இருப்பது ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டத்தின் காலத்தில். கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில் தொடங்கியது. கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, ஆசிரியர் கையேட்டில் இன்ன நாள் இன்ன செயல்பாடு என்று கொடுத்துவிடுகிறார்கள். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும். எமிஸ் என்கிற கல்வித் துறை இணையத் தளத்தில் போட வேண்டிய பதிவுகள் வேறு. மேலிருந்து வருவதை முடித்துக் கொடுக்கும் ஆள் மாதிரி என்று நீங்கள் எழுதியது எனக்கு நன்றாகவே புரிகிறது. இரண்டு வருடம் பள்ளியே பார்க்காத பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கட்டான திட்டம் தேவைப்பட்டது என்றும் நினைக்கிறேன். ஆனாலும் கவனியுங்கள்: இவள் அரும்பா மொட்டா என்பதை எந்தக் கையேடும் தீர்மானிக்க முடியாது. நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். செயலியில் ஒரு பொத்தானாகத் தெரிகிற அந்த இடத்தில் உங்கள் தொழில் முழுவதும் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ‘மொட்டு’ என்று அழுத்துவதற்கு முன், எதை வைத்து என்று ஒரு வரி உங்கள் நோட்டில் எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத நேரம் இருக்காது. வாரத்துக்கு இரண்டு பேர் போதும். மூன்று மாதம் கழித்து அந்த வரிகளைப் படித்தால் உங்கள் கண் எவ்வளவு கூர்மையாகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஊர் கொடுக்கும் அடையாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மண்ணில் மிகப் பலமானது. ‘எழுத்தறிவித்தவன் இறைவன் ஆவான்’ என்று ஆசிரியர் தின மேடையில் சொல்வார்கள். அதே வாய் மே மாதத்தில் ‘இவங்களுக்கென்ன, சும்மா சம்பளம்’ என்று சொல்லும். இரண்டிலும் வேலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பழைய இலக்கணமான நன்னூல் நல்லாசிரியருக்கு உரியவற்றை அடுக்கும்போது முதல் சொல்லாகக் ‘குலன்’ என்றுதான் வைக்கிறது. பிறப்பை வைத்து ஆசிரியரை அளந்த காலம் அது. அதே நன்னூல் ஆசிரியராகத் தகாதவரைச் சொல்லும்போது பார்வை மாறிவிடுகிறது: கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் முறையில்லாமல் உருண்டோடுவதுபோல், கற்றதை வரிசை தெரியாமல் கொட்டுகிறவரைக் குறை சொல்கிறது. இங்கே அளவுகோல் குலமல்ல, வகுப்பில் நடப்பது. எனக்கு இந்த இரண்டாவது பகுதி மிகவும் பிடிக்கும்.

முதல் பகுதி செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அரசுப் பள்ளிகளும் இட ஒதுக்கீடும் இந்தத் தொழிலின் வாசலைப் பெரிதாகத் திறந்துவிட்டன. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களானார்கள். ஆனால் பல ஊர்களில் புது ஆசிரியர் பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் விசாரிக்கப்படுவது அவர் எப்படிப் பாடம் நடத்துவார் என்பது அல்ல. அந்தக் குல விசாரிப்பைச் சுமந்துகொண்டு வகுப்பில் நிற்பவருக்கு ‘நான் ஆசிரியர்’ என்ற நினைப்பு மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல் விலைக்குத்தான் கிடைக்கிறது. பெண்களுக்கு வேறு மாதிரி: ‘பொம்பளைப் பிள்ளைக்கு ஏத்த வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்’ என்று அப்பாவோ மாமனாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த தொழில். ஆர்வத்தோடு வராதவர் நல்ல ஆசிரியராக மாட்டார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். வீட்டார் சொல்லி வந்து, ஐந்தாறு வருடம் கழித்து, ஏதோ ஒரு பிள்ளை படிக்க ஆரம்பித்த நாளில் தொழிலைத் தன்னுடையதாக்கிக்கொண்டவர்களே எனக்குத் தெரிந்து அதிகம்.

நிபந்தனைகள் சரியில்லாத இடத்தில் மனப்பான்மையைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம். 2012 வாக்கில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை ஆகியவற்றுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு படிப்படியாக ஏறியது. பணி நிரந்தரத்துக்காக அவர்கள் போராடாத வருடம் இல்லை. மற்ற நாட்களில் வேறு வேலைக்குப் போகிறவரிடம் தொழில் அடையாளத்தைப் பற்றி வகுப்பெடுக்க எனக்கு மனம் வராது. தனியார் பள்ளியில் நீங்கள் பட்டதும் எனக்குத் தெரியும்.

அதனால்தான் ஆசிரியர் இயக்கங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த வாரங்களைக் கடந்து வந்தவர்களுக்குச் சங்கம் கொடுத்த தைரியம் அவர்களின் தொழில் உணர்வில் நிரந்தரமாகக் கலந்துவிட்டது. என் ஆதங்கம் ஒன்றுதான். சங்கக் கூட்டத்தில் அகவிலைப்படியும் மாறுதல் கலந்தாய்வும் பேசப்படுகிற அளவில் நூற்றில் ஒரு பங்காவது அந்தக் கழித்தல் கணக்கு பேசப்பட்டால் எப்படி இருக்கும்! அது நடக்கக்கூடியதுதான். 1990-களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்த அந்த நாட்களில், எத்தனையோ பள்ளி ஆசிரியர்கள் இரவில் கிராமங்களில் பெரியவர்களோடு உட்கார்ந்தார்கள். வளர்ந்த மனிதர் எழுத்தைக் கற்றுக்கொள்ளும் விதத்தைப் பார்த்துவிட்டு, பகலில் தங்கள் ஒன்றாம் வகுப்பையே வேறு மாதிரி நடத்தினார்கள். ஓர் இயக்கமும் வகுப்பறையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்ட காலம் அது.

இனி உங்கள் எச்.எம். டீச்சருக்கு. 1980-களில் கல்வி ஆய்வாளர் மைக்கேல் ஹூபர்மன் சுவிட்சர்லாந்தில் 160 உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் அவர்கள் பணி வாழ்க்கை முழுவதையும் கேட்டறிந்தார். பணியின் பின்பகுதியில் மனநிறைவோடு இருந்தவர்கள் பெரும்பாலும், தங்கள் சொந்த வகுப்பில் எதையாவது சின்னதாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். பெரிய சீர்திருத்தத் திட்டங்களில் தலைகொடுத்து உழைத்தவர்கள் பலர் கசந்துபோயிருந்தார்கள். நம் ஊரிலும் நான் இதைத்தான் பார்த்தேன். திட்டங்கள் வரும், போகும். அவற்றோடு தன்னைக் கட்டிக்கொண்டவர் அவை போகும்போது தானும் பாதி போய்விடுகிறார்.

2025 செப்டம்பர் 1 தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு முன் நியமிக்கப்பட்டவர்களாக இருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்கிறது. இல்லையென்றால் பணியில் நீடிக்க முடியாது. ஐந்து வருடத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் டெட் இல்லாமலே தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. சட்டம் பிள்ளைகளின் உரிமையிலிருந்து யோசிக்கிறது, அதற்கான நியாயம் அதில் உண்டு. ஆனால் நியமனத்தின்போது இருந்த எல்லாத் தகுதியோடும் வந்து, அரசே தேர்ந்தெடுத்து, இருபது வருடம் வகுப்பெடுத்த ஒருவரின் மனதில் இது என்ன செய்யும் என்பதை அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் போதுமான அளவு யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. “இத்தனை வருஷம் நான் யாரு?” என்ற கேள்விக்குத் தேர்வு வாரியத்திடம் பதில் இல்லை. டெட் ஒருவர் வகுப்புக்குள் நுழையலாமா என்பதைச் சோதிக்கும் வாசல். உள்ளே இருபது வருடமாக நடந்ததை அளக்க அதில் கேள்வியே கிடையாது. அவரிடம் இதைச் சொல்லுங்கள், ஆறுதலுக்காக இல்லை, உண்மை என்பதால். கூடவே தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

இங்கேதான் உங்கள் இருவருக்கும் ஒருவரிடம் ஒருவருக்கு வேலை இருக்கிறது. முதல் தாளில் 150 கேள்விகள்: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதம் 30, சூழ்நிலையியல் 30. தேர்வை எப்படி எழுதுவது, எதை விடுவது, நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு அது மறந்திருக்கும், பயமும் இருக்கும். பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் இருவரும் உட்காருங்கள். முதல் 30 கேள்விகளின் பாடப் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். பியாஜே, வைகாட்ஸ்கி என்று குழந்தை வளர்ச்சி பற்றி எழுதிய உளவியலாளர்களிடமிருந்து நீங்கள் மனப்பாடம் செய்த ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, “இதை நம்ம பிள்ளைங்க யார்கிட்டயாவது பார்த்திருக்கீங்களா டீச்சர்?” என்று கேளுங்கள். அவர் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மேசையில் பிள்ளைகளின் நோட்டு இரண்டு மூன்று இருக்கட்டும். அவருக்குத் தேர்வுக்கான பெயர்கள் கிடைக்கும். உங்களுக்கு அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகள் கிடைப்பார்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது அதில் ஒரு நோட்டைக் கைப்பையில் எடுத்துப் போங்கள்; கருத்தாளர் முடித்ததும், யாரும் எழுந்திருப்பதற்கு முன், நடுவில் வையுங்கள்.